டிபக்கரின் சைக்கிள் கவுண்டர் எதை எண்ணுகிறது?

மைக்ரோகண்ட்ரோலருக்கு, அதாவது செயலியும் நினைவகமும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினிக்கு, நிரல் எழுதப் பழகுபவர்களிடையே, “டிபக்கரில் பார்த்தேன், இந்த ஃபங்ஷனுக்குப் பத்து மைக்ரோசெகண்ட்தான் ஆகிறது” என்ற பேச்சு சாதாரணமாகப் புழங்குகிறது. டிபக்கர் என்பது ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, உள்ளே நடப்பதைப் பார்த்துப் பிழை தேட உதவும் கருவி. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று கிடைக்கும். டிபக்கர் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறது என்பார்கள் சிலர். நிரலில் எத்தனை கட்டளைகள் ஓடின என்று எண்ணிச் சொல்கிறது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறான எண்ணங்கள். டிபக்கருக்கு நேரம் தெரியாது. அதன் கையில் இருப்பது ஓர் எண்ணிக்கை மட்டுமே. அந்த எண்ணிக்கையை நேரமாக மாற்றுவதற்குத் தேவையான இன்னொரு எண்ணை நாம்தான் தருகிறோம். தந்தோம் என்பதே பல சமயம் நமக்கு நினைவிருப்பதில்லை.

சி மொழியில் சிறு நிரல்கள் எழுதி, அவற்றை ஒரு பலகையில் ஏற்றி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் போதுமானது. எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது எஸ்.டி.எம்.32 எஃப்103 என்ற சில்லு. “ப்ளூ பில்” என்ற பெயரில் விற்கப்படும் மலிவான நீலப் பலகையில் இருப்பது இதுதான்.

## தாளமும் காலப்பிரமாணமும்

ஒருவர் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். பாடகர் பாடும் ஒரு வரி இரண்டு ஆவர்த்தனத்தில் முடிந்தால், அந்த வரிக்கு 16 அட்சரம் ஆயிற்று என்று தாளம் போடுபவர் ஐயமின்றிச் சொல்லிவிடுவார். அதே வரி எத்தனை வினாடி நீடித்தது என்று கேட்டால், காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், என்ன என்று தெரிந்தாலொழிய அவரால் விடை சொல்ல இயலாது. காலப்பிரமாணத்தைக் கூட்டிப் பாடினால் 16 அட்சரம் அப்படியே இருக்கும். வினாடி மட்டும் குறையும். இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். ஒரு ஸ்வரம் ஓர் அட்சரத்தில் முடிந்துவிடலாம், கார்வை கொடுத்துப் பாடினால் நான்கு அட்சரத்துக்கும் நீளலாம். ஆகவே வரியில் எத்தனை ஸ்வரம் இருக்கிறது என்று தாளில் எண்ணிப் பார்த்து, எத்தனை அட்சரம் ஆகும் என்று சொல்லிவிட முடியாது.

செயலியிலும் இப்படித்தான். செயலிக்குள் ஒரு கடிகார மின் அலை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு துடிப்பைத்தான் சைக்கிள் என்கிறோம். ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பது அதிர்வெண். எஃப்103 சில்லு தன் உச்ச வேகமான 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது வினாடிக்கு 7 கோடியே 20 லட்சம் சைக்கிள்கள் நிகழ்கின்றன. ஒரு சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 13.9 நானோசெகண்ட். அட்சரத்தின் இடத்தில் சைக்கிளையும், காலப்பிரமாணத்தின் இடத்தில் அதிர்வெண்ணையும், ஸ்வரத்தின் இடத்தில் கட்டளையையும் வைத்துப் பார்த்தால், தாளம் போடும் கையின் இடத்தில் வந்து அமர்வது சைக்கிள் கவுண்டர்.

## சில்லுக்குள் இருக்கும் எண்ணி

ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த கார்டெக்ஸ்-எம்3, எம்4, எம்7, எம்33 ஆகிய செயலிக் கருக்களில், பிழை தேடுவதற்கு உதவும் பொருட்டு டி.டபிள்யூ.டி. என்ற சிறு பகுதியைச் சில்லுத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சேர்த்தே தருகிறார்கள். எஃப்103 சில்லில் இருப்பது எம்3 கரு. நினைவகத்தின் குறிப்பிட்ட முகவரி ஒன்று எப்போது மாறுகிறது என்று கண்காணிப்பது போன்ற பல வேலைகள் டி.டபிள்யூ.டி.க்கு உண்டு. அதற்குள் 32 பிட் அகலமுள்ள ஒரு ரெஜிஸ்டர், அதாவது செயலிக்குள்ளேயே அமைந்த எண் ஒன்றைத் தாங்கும் இடம், கருவின் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. சைக்கவுண்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது இதுவே. கெய்ல், ஐ.ஏ.ஆர். போன்ற, நிரல் எழுதிப் பிழை தேட உதவும் மென்பொருள்கள் உண்மைப் பலகையுடன் இணைந்திருக்கும்போது சைக்கிள் கணக்கு காட்டுவதும் இத்தகைய வன்பொருள் எண்ணியை நம்பித்தான்.

எண்ணுவது வன்பொருள் என்பதால், எண்ணப்படுவதனால் நிரல் மெதுவாகிவிடுவதில்லை. நேரத்தை அறிவதற்காக நிரலின் நடுவே அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் அந்த வரிகளே நேரத்தை விழுங்கிவிடும்; இங்கே அந்தத் தொல்லை கிடையாது. அதோடு, கரு ஒரு கட்டளையைச் செய்து முடிக்கிறதா, நினைவகத்திலிருந்து ஏதோ வரட்டும் என்று சும்மா காத்திருக்கிறதா என்றெல்லாம் இந்த எண்ணி பார்ப்பதில்லை. துடிப்பு வந்தால் ஒன்று கூட்டும், அவ்வளவுதான்.

சுருக்கமாக: சைக்கிள் கவுண்டர் என்பது கருவின் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் ஒரு ரெஜிஸ்டர். அது கட்டளைகளையும் எண்ணுவதில்லை, வினாடிகளையும் எண்ணுவதில்லை.

## அளக்கும் முறை

அளக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் ஒரு பிரேக்பாயிண்ட், அதாவது நிரல் அங்கே வந்ததும் நின்றுவிட வேண்டும் என்ற குறியை, வைக்க வேண்டும்; பகுதி முடிந்தபின் வரும் வரியில் இன்னொன்று. முதல் இடத்தில் நிரல் நின்றதும் எண்ணியின் மதிப்பைக் குறித்துக்கொண்டு, ஓட விட்டு, இரண்டாவது இடத்தில் நின்றதும் மறுபடி குறித்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் விடை. பிரேக்பாயிண்ட் வைத்த வரி ஓடுவதற்கு முன்பே நிரல் நிற்கிறது என்பதால், முதல் வரி கணக்கில் சேரும், இரண்டாவது பிரேக்பாயிண்ட் இருக்கும் வரி சேராது.

கெய்லில் இந்த எண் ரெஜிஸ்டர் சாளரத்தில் “ஸ்டேட்ஸ்” என்ற பெயரிலும், அதை நேரமாக மாற்றியது “செக்” என்ற பெயரிலும் தெரியும். ஏ.வி.ஆர். சில்லுகளுக்கான மைக்ரோசிப் ஸ்டுடியோவின் சிமுலேட்டரில், அதாவது சில்லு இல்லாமலே நிரலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பகுதியில், “சைக்கிள் கவுண்டர்” என்றும் “ஸ்டாப் வாட்ச்” என்றும் அருகருகே இரண்டு எண்கள் தென்படும். இப்படி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது வசதிதான். ஆனால் முதல் எண் அளக்கப்பட்டது, இரண்டாவது எண் கணக்கிடப்பட்டது என்ற வேறுபாட்டை அந்தச் சாளரம் எங்கும் சொல்வதில்லை. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

## எண்ணிக்கை நேரமாக மாறும் இடம்

எண்ணிக்கையை அதிர்வெண்ணால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 720 சைக்கிள்கள், 72 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10 மைக்ரோசெகண்ட். இந்த வகுத்தலில் வரும் 72 என்பதை டிபக்கர் சில்லிடம் கேட்டு அறிவதில்லை. அமைப்புப் பக்கத்தில் நாம் எழுதி வைத்த எண்ணையே எடுத்துக்கொள்கிறது. அங்கே 8 என்று எழுதியிருந்தால் அதே 720 சைக்கிள்களை 90 மைக்ரோசெகண்ட் என்று, துளியும் தயங்காமல், தசமப் புள்ளிகளோடு காட்டும்.

ஏ.வி.ஆர். சிமுலேட்டரில் இந்த அதிர்வெண் வழக்கமாக 1 மெகாஹெர்ட்ஸ் என்றே தொடக்கத்தில் இருக்கும். ஆர்டுயினோ ஊனோ பலகையோ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆகவே அந்தப் பலகைக்கு எழுதிய நிரலில் 16,000 சைக்கிள்கள் ஆகும் ஒரு பகுதியை, அமைப்பை மாற்றாமல் அளந்தால், 16 மில்லிசெகண்ட் என்று காட்டும். பலகையில் அது ஒரே மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

எஃப்103 சில்லில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ரீசெட் ஆனவுடன் இந்தச் சில்லு உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்.சி. அலையியற்றியில், அதாவது கடிகாரத் துடிப்பைத் தரும் மின்சுற்றில்தான் விழித்தெழுகிறது. பிறகு நிரலின் தொடக்கப் பகுதி, வெளியே பலகையில் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு மாறி, அதை ஒன்பதால் பெருக்கி 72 ஆக்குகிறது. உள் அலையியற்றியையே நம்பினால் எட்ட முடிந்த உச்சம் 64 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. படிகம் கிளம்பத் தவறி, நிரல் சத்தமில்லாமல் உள் அலையியற்றியிலேயே தொடர்ந்தால், டிபக்கரின் அமைப்பில் இருக்கும் 72 பொய்யாகிவிடும். எண்ணிக்கை அப்போதும் உண்மையாகவே இருக்கும், வினாடிதான் பிழைபடும். எனவே யாராவது ஓட்ட நேரத்தை மைக்ரோசெகண்டில் மட்டும் சொன்னால், சைக்கிள் எண்ணிக்கையையும் அதிர்வெண்ணையும் தனித்தனியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

## கட்டளைகளை எண்ணினால் ஏன் கணக்குத் தப்புகிறது

அசெம்பிளிப் பட்டியலை, அதாவது நிரல் செயலியின் கட்டளைகளாக மாறிய வடிவத்தை, திறந்து, இருபது கட்டளை இருக்கிறது, ஆகவே இருபது சைக்கிள் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. ஊனோவில் உள்ள எட்டு பிட் ஏ.வி.ஆர். செயலியில் இது ஓரளவுக்காவது நடக்கும்: பெரும்பாலான கணக்கீட்டுக் கட்டளைகள் ஒரு சைக்கிள், பெருக்கல் இரண்டு சைக்கிள் என்று கையேட்டில் அட்டவணை உண்டு, செயலியும் அதை மீறுவதில்லை. கார்டெக்ஸ்-எம்3இல் அப்படியில்லை. அதன் வகுத்தல் கட்டளை 2 முதல் 12 சைக்கிள் வரை எடுக்கும். எத்தனை என்பது வகுபடும் எண்களைப் பொறுத்தது. ஒரே கட்டளை, ஒரே இடம், உள்ளே வரும் மதிப்பு மாறினால் நேரமும் மாறும். கிளைத்தல் நிகழ்ந்தால், அடுத்தடுத்த கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வரிசையில் வைத்திருக்கும் பைப்லைனை மறுபடி நிரப்ப வேண்டியிருப்பதால் அதற்கும் சில சைக்கிள்கள் போகும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஃபிளாஷ் நினைவகத்தின் வேகம். நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் ஃபிளாஷ், கருவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதது. எஃப்103இல் 24 மெகாஹெர்ட்ஸ் வரை காத்திருப்பு எதுவும் தேவையில்லை. 24க்கு மேல் 48 வரை ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு சைக்கிளும், 48க்கு மேல் 72 வரை இரண்டு சைக்கிளும் காத்திருப்பாகச் சேர்கின்றன. வரிசையாக ஓடும் கட்டளைகளை முன்னதாகவே எடுத்து வைக்கும் ஒரு சிறு இடையகம் இந்த இழப்பில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. ஆனால் நிரல் தாவித் தாவி ஓடும் இடங்களில் மறைக்க முடிவதில்லை.

தாள உவமை இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காலப்பிரமாணத்தைக் கூட்டினாலும் அட்சர எண்ணிக்கை மாறாது. செயலியிலோ அதிர்வெண்ணைக் கூட்டினால் காத்திருப்புகளும் கூடி, அதே நிரலுக்கு அதிகச் சைக்கிள்கள் ஆகக்கூடும். 24 மெகாஹெர்ட்ஸில் எடுத்த எண்ணிக்கையை 72ஆல் வகுத்து, மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும் என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறு. கேஷ் எனப்படும் விரைவு நினைவகம் கொண்ட எம்7 சில்லுகளில் இன்னொரு வேற்றுமையும் சேர்ந்துகொள்கிறது: ஒரு பகுதி முதன்முறை ஓடும்போது ஆகும் சைக்கிள்களும், அடுத்த முறைகளில் ஆகும் சைக்கிள்களும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே ஓர் எண்ணிக்கை செல்லுபடியாவது, அதை எடுத்தபோது இருந்த அதிர்வெண், உள்ளீடு, நினைவக அமைப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே.

## நிரல் நிற்கும்போது நடப்பவை

பிரேக்பாயிண்டில் நிரல் நிற்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடுமே என்ற அச்சம் புதியவர்களுக்கு இயல்பாக வரும். சேராது. டிபக்கர் கருவை நிறுத்தி வைத்திருக்கும்போது சைக்கவுண்டும் நின்றுவிடுகிறது. தேநீர் அருந்திவிட்டு வந்து தொடர்ந்தாலும் எண் விட்ட இடத்திலிருந்தே கூடும்.

நிற்காதவை வேறு சில இருக்கின்றன. கருவுக்கு வெளியே, அதே சில்லுக்குள் இருக்கும் டைமர்கள் முதலான துணைக்கருவிகள், தனியாக அமைப்பு மாற்றாவிட்டால், கரு நின்றிருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். இதன் விளைவைப் பார்க்க இன்டரப்ட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்: வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்ததும், கரு செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, அந்த அழைப்புக்கென எழுதப்பட்ட ஃபங்ஷனை ஓட்டிவிட்டுத் திரும்புவதுதான் இன்டரப்ட். நாம் பிரேக்பாயிண்டில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கும் வேளையில் டைமர் அழைப்பு விடுத்து, அது வாசலில் காத்திருக்கும். ஓட விட்ட மறுகணமே கரு முதலில் அந்த இன்டரப்டைக் கவனிக்கப் போகும். உள்ளே நுழைவதற்கே எம்3இல் குறைந்தது 12 சைக்கிள், பிறகு அந்த ஃபங்ஷன், பிறகு திரும்பி வருதல். இவ்வளவும் நாம் அளக்கும் பகுதியின் கணக்கில் ஏறிவிடும். பிரேக்பாயிண்ட் வைத்து அளந்தால் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகக் கூடுதலாகவும், வைக்காமல் அளந்தால் குறைவாகவும் வருகிறதே என்று திகைப்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

வரி வரியாக ஸ்டெப் செய்து, ஒவ்வொரு வரிக்கும் ஆன சைக்கிளைக் கூட்டுவதும் சரியான வழியன்று. பல டிபக்கர்கள் ஸ்டெப் செய்யும்போது இன்டரப்ட்களை மறைத்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் பைப்லைன் புதிதாக நிரம்ப வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சைக்கிள் ஓடும் பகுதியில் நான்கைந்து சைக்கிள் பிசகினால் பாதகமில்லை. பத்துச் சைக்கிள் பகுதியில் அந்தப் பிசகே பாதி அளவாகிவிடும்.

## கம்பைலர் மாற்றி எழுதும் நிரல்

நாம் எழுதிய சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் கம்பைலர். டிபக் பில்டில் அது மேம்படுத்தல் எதுவும் செய்யாமல், ஒவ்வொரு மாறியையும் நினைவகத்துக்கு எழுதி, நினைவகத்திலிருந்து படித்து, நாம் எழுதிய வரிசையிலேயே கட்டளைகளைத் தருகிறது. அந்த பில்டை அளந்து, வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீஸ் பில்டைப் பற்றி முடிவெடுப்பது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு நிரல்கள் என்றே கொள்ள வேண்டும்.

மேம்படுத்தலை இயக்கி அளந்தால் எதிர்த்திசையில் ஒரு பொறி காத்திருக்கிறது. கணக்கிட்ட விடையை நிரல் எங்கும் பயன்படுத்தாவிட்டால், அந்தக் கணக்கே வேண்டாம் என்று கம்பைலர், திரும்பத் திரும்ப ஓடும் அந்தச் சுற்றை (லூப்பை) முழுவதுமாக நீக்கிவிடும். ஆயிரம் முறை ஓட வேண்டிய சுற்று மூன்று சைக்கிளில் முடிந்ததாகக் கவுண்டர் காட்டினால் மகிழ்ச்சி அடைவதற்கில்லை. விடையை வோலடைல் என்று அறிவிக்கப்பட்ட மாறியில், அதாவது கம்பைலர் தொடக்கூடாது என்று நாம் குறித்து வைத்த மாறியில், எழுதச் செய்தால் சுற்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

## பிரேக்பாயிண்ட் இல்லாமல் அதே எண்ணி

சைக்கவுண்ட் ஒரு ரெஜிஸ்டர்தான் என்பதால் நிரலே அதைப் படிக்கலாம். பகுதியின் முன்னும் பின்னும் படித்து, குறியில்லாத 32 பிட் எண்களாகக் கழித்தால் போதும். என் பார்வையில் சிறு பகுதிகளுக்கு இதுவே மேலான முறை; நிறுத்திக் கிளப்பும் தொல்லைகள் எதுவும் இதில் இல்லை. இடையில் எதையும் வைக்காமல் ஒருமுறை அளந்து, படிப்பதற்கே ஆகும் சைக்கிள்களைத் தெரிந்துகொண்டு அதைக் கழித்துவிட வேண்டும்.

இம்முறையில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்றே. டிபக்கர் இணைந்திருக்கும்போது ஒழுங்காக எண்ணிய நிரல், தனியாக மின்சாரம் கொடுத்து ஓட்டினால் எப்போதும் சுழியம் என்றே காட்டும். டி.டபிள்யூ.டி. இயல்பாக உறங்கிக்கொண்டிருக்கும் பகுதி. டிபக்கர் இணையும்போது அதை எழுப்பிவிடுவது வழக்கம். டிபக்கர் இல்லாதபோது நிரல்தான் எழுப்ப வேண்டும்: டெம்சிஆர் என்ற ரெஜிஸ்டரின் 24ஆம் பிட்டை ஒன்றாக்கி, பிறகு டி.டபிள்யூ.டி. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 0ஆம் பிட்டையும் ஒன்றாக்க வேண்டும்.

32 பிட் எண் ஒரு கட்டத்தில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். 72 மெகாஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 59.65 வினாடிக்கு ஒருமுறை நிகழ்கிறது. தொடக்க மதிப்பு 4,29,49,67,200 என்றும் இறுதி மதிப்பு 104 என்றும் இருந்தால், குறியில்லாத கழித்தல் 200 என்று சரியான விடையையே தரும். இடையில் ஒருமுறை திரும்பியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழுச் சுற்றுக்கும் மேல் நீளும் வேலைகளுக்கு இந்த எண்ணி பொருத்தமற்றது.

## ஓர் அளவும் பல அளவுகளும்

ஒரே பகுதியைச் சில நூறு முறை ஓட்டி, மிகக் குறைந்த எண்ணிக்கையையும் மிக அதிக எண்ணிக்கையையும் தனித்தனியே வைத்துக்கொள்வது பயனுள்ளது. குறைந்தது, குறுக்கீடு இல்லாதபோது அந்தப் பகுதிக்கு ஆகும் செலவை ஏறத்தாழக் காட்டும். அதிகபட்சம், இன்டரப்ட்கள் நடுவே புகுந்தபோது என்ன ஆகிறது என்பதைக் காட்டும். சராசரி இந்த இரண்டையும் கலந்து மங்கலாக்கிவிடுகிறது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சுற்று ஒன்று 50 மைக்ரோசெகண்டுக்குள் முடிந்தாக வேண்டும் என்றால், சராசரி 30 என்பதில் ஆறுதல் கொள்ள முடியாது. அதோடு, நாம் கண்ட அதிகபட்சம் என்பது நம் சோதனையில் நேர்ந்த அதிகபட்சமே. நேரக்கூடிய அதிகபட்சம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

## எண்ணி இல்லாத சில்லுகளில்

ராஸ்பெர்ரி பை பிகோ பலகையின் முதல் வடிவில் உள்ள எம்0+ கருவில் சைக்கவுண்ட் கிடையாது. அத்தகைய கருக்களில், சில்லில் இருந்தால், 24 பிட் சிஸ்டிக் டைமரைப் பயன்படுத்தலாம். அது மேலிருந்து கீழாக எண்ணுவதால் கழித்தலின் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும், அகலம் குறைவு என்பதால் விரைவிலேயே சுற்றி வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேசைக் கணினிகளின் இன்டெல் வகைச் செயலிகளில் உள்ள டி.எஸ்.சி. என்ற எண்ணி இதற்கு நேர்மாறானது: புதிய செயலிகளில் அது, கருவின் வேகம் ஏறினாலும் இறங்கினாலும், மாறாத வீதத்தில் எண்ணுகிறது, எனவே அது காட்டுவது நேரத்துக்கு நெருங்கியதே தவிர, கருவின் சைக்கிள்களை அல்ல.

எந்தச் சில்லிலும் நடக்கக்கூடிய வழி ஒன்று உண்டு. பகுதி தொடங்கும்போது சில்லின் ஒரு பின்னின் மின்னழுத்தத்தை மேலே ஏற்றி, முடிந்ததும் கீழே இறக்கி, அந்தத் துடிப்பின் அகலத்தை, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்கலாம். சைக்கவுண்ட் உள்ள சில்லிலும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்ப்பது நல்லது. கவுண்டர் 72,000 என்கிறது, ஸ்கோப்பில் அகலம் 1 மில்லிசெகண்ட் என்றால் கடிகாரம் நாம் நினைத்தபடி 72 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதே 72,000க்கு 9 மில்லிசெகண்ட் வந்தால், படிகம் கிளம்பவில்லை, சில்லு இன்னும் 8 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கிறது என்று பொருள். திருத்த வேண்டியது கடிகாரத்தை அமைக்கும் தொடக்கப் பகுதியைத்தான்.